ஹோஸ்டிங் மாத்தணுமா? முதல்ல உங்க மெயில் எங்க வருதுனு பாருங்க

கேள்வி: ஏழெட்டு வருஷமா வேர்ட்பிரஸ்ல ஒரு பர்சனல் வெப்சைட் வெச்சிருக்கேன், கட்டுரை போட்டோ எல்லாம் சேர்த்து ஒரு நானூறு பக்கம் இருக்கும். முதல் வருஷம் சல்லிசா குடுத்தாங்க, இப்ப ரினியூவல் பில் மூணு மடங்கு வருது, சைட்டும் ஸ்லோ. வேற கம்பெனிக்குப் போகலாம்னு இருக்கேன். டொமைனும் இவங்ககிட்டதான், அந்த டொமைன் பேர்லயே மெயில் ஐடியும் இருக்கு. புது கம்பெனிக்காரங்க ஃப்ரீயா மைக்ரேஷன் (சைட்டை இடம் மாத்தற வேலை) பண்ணித் தர்றோம்ங்கறாங்க, நம்பலாமா? பழைய போஸ்ட் எல்லாம் போயிடுமோ, தமிழ் எழுத்து உடைஞ்சிடுமோனு பயமா இருக்கு. ரினியூவலுக்கு இன்னும் 40 நாள் இருக்கு.

பதில்: 40 நாள் இருக்குல்ல, அதுவே பாதி நிம்மதி. நிறைய பேர் ரெண்டு நாள் இருக்கும்போதுதான் வந்து நிப்பாங்க, அப்ப எதைச் செஞ்சாலும் அவசரத்துல ஏதாவது ஒண்ணு உடையும்.

முதல்ல ஒண்ணு பாருங்க, அந்த 40 நாள் எதுக்கு? ஹோஸ்டிங்குக்கா (சைட்டை வெச்சிருக்கற இடத்துக்கு வாடகை), டொமைனுக்கா (சைட்டோட பேர்)? ரெண்டும் ஒரே கம்பெனியில வாங்கினதால ஒரே பில்லுல வரும், ஆனா ரெண்டும் வேற வேற சரக்கு. ஹோஸ்டிங் போனா பேக்கப் இருந்தா ஒரு மணி நேரத்துல வேற இடத்துல ஏத்திடலாம். டொமைன் போனா அப்படி இல்ல, டாட் காம் மாதிரி டொமைன்னா கெடு முடிஞ்சு கம்பெனி அதை அழிச்சப்புறம் 30 நாள் மீட்புக் காலம்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள தண்டம் கட்டி எடுத்துக்கலாம், அதுவும் தாண்டிட்டா 5 நாள்ல பொதுவுல வந்துடும், யார் வேணா வாங்கலாம். அதனால டொமைன் கெடுவும் பக்கத்துல இருந்தா பேசாம இப்ப இருக்கற இடத்துலயே ஒரு வருஷத்துக்குக் கட்டிடுங்க. சைட்டை மாத்தற அதே வாரத்துல டொமைனையும் மாத்தறேன்னு மட்டும் கிளம்பாதீங்க.

ஹோஸ்டிங் மாத்தறதுனு ஒரே வார்த்தையில சொல்றோம், உள்ள நாலு சமாச்சாரம் இருக்கு: டொமைன் பதிவு, டிஎன்எஸ் (உங்க டொமைன் பேர் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற பட்டியல்), சைட்டோட ஃபைலும் டேட்டாபேஸும் (போஸ்ட் எல்லாம் இருக்கற இடம்), அப்புறம் மெயில். ஃப்ரீ மைக்ரேஷன்னு அவங்க சொல்றது பெரும்பாலும் மூணாவது மட்டும்தான். அதை தாராளமா அவங்களையே செய்யச் சொல்லுங்க, தினமும் செய்யற வேலை, நல்லாவே செய்வாங்க. மத்த மூணையும் நீங்கதான் பாத்துக்கணும், மாட்டிக்கறதும் அங்கதான்.

என் கதையையே சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி என்னோட சொந்த சைட்டை மாத்தினேன். சைட் சூப்பரா வந்துடுச்சு, பக்கம் எல்லாம் சட்டுனு திறக்குது, ஒரே குஷி. மூணு நாள் கழிச்சுதான் உறைச்சது, மூணு நாளா ஒரு மெயில்கூட வரல. நேம்சர்வரை (அந்த டிஎன்எஸ் பட்டியலை வெச்சிருக்கற சர்வர்) மாத்தும்போது பழைய இடத்துல இருந்த எம்எக்ஸ் ரெக்கார்டை (மெயில் எங்க போகணும்னு சொல்ற வரி) புது இடத்துல நான் போடவே இல்ல. அனுப்பினவங்களுக்கு அது திரும்பிப் போயிருக்கு, எனக்கு யார் அனுப்பினாங்கன்னுகூட தெரியாது.

அதனால உங்க முதல் வேலை, பழைய கன்ட்ரோல் பேனல்ல டிஎன்எஸ் ஜோன் பக்கத்தைத் திறந்து இருக்கற ஒவ்வொரு ரெக்கார்டையும் காப்பி பண்ணி வெச்சுக்கறது, ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்துக்குங்க. ஏ (பேர் எந்த ஐபிக்கு, அதாவது எந்த சர்வர் எண்ணுக்குப் போகணும்கறது), சிநேம் (ஒரு பேரை இன்னொரு பேருக்குக் காட்டறது), எம்எக்ஸ், டிஎக்ஸ்டி (வெறும் எழுத்துக் குறிப்பு) எல்லாமே. இந்த டிஎக்ஸ்டியை யாரும் மதிக்க மாட்டாங்க, ஆனா எஸ்பிஎஃப், டிகிம் (ரெண்டும் மெயில் நிஜமா உங்ககிட்டருந்துதான் வருதுன்னு காட்டற அத்தாட்சி), கூகுள் சர்ச் கன்சோல் சரிபார்ப்பு எல்லாம் அங்கதான் உக்காந்திருக்கு. 2024 பிப்ரவரியிலருந்து ஜிமெயிலுக்கு அனுப்பற எல்லாருக்கும் எஸ்பிஎஃப் இல்லன்னா டிகிம் ஏதாவது ஒண்ணு இருக்கணும்னு கூகுள் கட்டாயம் பண்ணிடுச்சு, அது விட்டுப்போனா நீங்க அனுப்பற மெயில் ஸ்பேமுக்குப் போகும், இல்ல போகவே போகாது.

இன்னொரு பொறி இருக்கு, அனுபவசாலிங்களே விழுவாங்க. சிபேனல்ங்கற கன்ட்ரோல் பேனல் இருக்கற ஹோஸ்டிங்ல எம்எக்ஸ் ரெக்கார்டு வழக்கமா டொமைன் பேரையே காட்டும். அப்படின்னா நீங்க நேம்சர்வரைத் தொடாம வெறும் ஏ ரெக்கார்டை மட்டும் புது ஐபிக்கு மாத்தினாலும் மெயிலும் கூடவே புது சர்வருக்குப் போயிடும், அங்க உங்க மெயில்பாக்ஸே இருக்காது. இதுக்கு மெயிலுக்குன்னு தனியா ஒரு சப்டொமைன் (டொமைனுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சேர்த்த பேர்) வெச்சு அதுக்கு பழைய ஐபியோட ஏ ரெக்கார்டு போட்டு, எம்எக்ஸை அந்தப் பேருக்குக் காட்டிடுங்க. அப்ப சைட் போனாலும் மெயில் பழைய இடத்துலயே நிக்கும், அப்புறம் நிதானமா மாத்திக்கலாம். என்னைக் கேட்டா மெயிலை ஹோஸ்டிங்கோட முடிச்சு போடறதே வேண்டாம்பேன், மெயிலுக்குனு இருக்கற சர்வீஸ் ஒண்ணுல தனியா வெச்சுட்டா அடுத்த தடவை ஹோஸ்டிங் மாத்தும்போது இந்தத் தலைவலியே கிடையாது. பழைய மெயிலை எல்லாம் ஐமேப் (சர்வர்ல இருக்கற மெயிலை வெளியிலருந்து கையாளற வழி) மூலமா ஒரு பெட்டியிலருந்து இன்னொரு பெட்டிக்கு இழுத்துக்கலாம், தண்டர்பேர்டுங்கற மெயில் சாஃப்ட்வேர்ல ரெண்டு அக்கவுண்டையும் சேர்த்துட்டு ஃபோல்டரை இழுத்துப் போட்டாலே போதும், மெதுவா போகும் அவ்வளவுதான். மெயில் வெளிய இருந்தா புது சர்வர்ல ஈமெயில் ரவுட்டிங்கை ரிமோட்னு வெக்க மறந்துடாதீங்க, இல்லாட்டி சைட்ல இருக்கற கான்டாக்ட் ஃபார்ம்லருந்து வர்ற மெயிலை அந்த சர்வர் தன்னோடதுன்னு நினைச்சு உள்ளயே போட்டு வெச்சுக்கும்.

இப்ப தமிழ் எழுத்து விஷயத்துக்கு வர்றேன், உங்க பயம் நியாயமானதுதான். டேட்டாபேஸை ஏத்தினதும் ரெண்டு விதமா உடையலாம். ஒண்ணு, தலையில கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள்ள ஆர், அப்புறம் என்னென்னமோ குறி, இப்படியே வரிசையா வரும். இது பயப்பட வேண்டாதது. தமிழ் யூனிகோடுல ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8ல (யூனிகோடை கம்ப்யூட்டர்ல சேமிக்கற முறை) மூணு பைட், எல்லாமே ஒரே பைட்ல ஆரம்பிக்கும், அதை லத்தீன்னு தப்பா படிச்சா அந்த ஏ திரும்பத் திரும்ப வருது, அவ்வளவுதான். டேட்டா பத்திரமா இருக்கு, சரியான கேரக்டர் செட் (எழுத்தைப் படிக்கற முறை) குடுத்து திரும்ப ஏத்தினா வந்துடும். ரெண்டாவது வகை வரிசையா கேள்விக்குறி. இது மோசம், எழுத்து போயே போச்சுனு அர்த்தம், அந்த காப்பியைத் தூக்கிப் போட்டுட்டு ஒரிஜினல்லருந்து மறுபடி எடுக்கணும். தமிழ் எல்லாம் சரியா இருந்து எமோஜி மட்டும் கேள்விக்குறியா வந்தா, எங்கயோ நடுவுல மூணு பைட்டோட நிக்கற பழைய யூடிஎஃப்8 புகுந்திருக்கு, எமோஜிக்கு நாலு பைட் வேணும். எக்ஸ்போர்ட், இம்போர்ட் ரெண்டு பக்கமும் யூடிஎஃப்8எம்பி4னு (நாலு பைட்டையும் தாங்கறது) வெச்சுக்குங்க. எடுத்த எஸ்க்யூஎல் ஃபைலை (டேட்டாபேஸோட காப்பி) சும்மா பார்க்கலாம்னு நோட்பேட்ல திறந்து சேவ் குடுத்துடாதீங்க, தயவுசெஞ்சு.

இம்போர்ட் பாதியிலயே நின்னு போறதும் உண்டு, ஃபைல் பெருசா இருந்தா பிஹெச்பி மைஅட்மின் (டேட்டாபேஸை ப்ரவுசர்லயே கையாளற கருவி) டைம் அவுட் ஆகிடும், ஆனா பார்த்தா வேலை முடிஞ்சுட்ட மாதிரியே இருக்கும். போஸ்ட் டேபிள்ல எத்தனை வரிசை இருக்குனு பழைய பக்கமும் புது பக்கமும் எண்ணிப் பாருங்க, எண்ணிக்கை ஒத்துப் போனா சரி.

போட்டோ ஃபைல்களுக்குத் தமிழ்ல பேர் வெச்சிருக்கீங்களா? அப்ப கவனம். ஜிப் பண்ணி உங்க கம்ப்யூட்டருக்கு இறக்கி அங்கருந்து மறுபடி ஏத்தினா பேரு மாறிடலாம். ‘கொ’ங்கற எழுத்துல இருக்கற கொம்பும் காலும் யூனிகோடுல ஒரே குறியாவும் எழுதலாம், ரெண்டு குறியாவும் எழுதலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், சர்வருக்கு வேற வேற. பழைய மேக் கம்ப்யூட்டருங்க தானாவே பிரிச்சு எழுதிடும், அப்புறம் படம் இருந்தும் படம் வராது, ஏன்னு தெரியாம மண்டையைப் பிச்சுக்கணும். அதனால சர்வர்லருந்து சர்வருக்கு நேராவே நகர்த்தச் சொல்லுங்க, உங்க கம்ப்யூட்டர் நடுவுல வரவே வேண்டாம்.

அதுக்காக உங்க கையில காப்பி வேண்டாம்னு இல்ல, பேக்கப் ஒண்ணு கட்டாயம் இறக்கி வெச்சுக்குங்க. ஹோஸ்டிங் கம்பெனி எடுக்கற பேக்கப்பை மட்டும் நம்பாதீங்க. 2021 மார்ச்ல பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஹெச் கம்பெனியோட டேட்டா சென்டர் தீப்பிடிச்சு ஒரு கட்டடமே சாம்பலாச்சு, அங்கயே பேக்கப்பும் வெச்சிருந்தவங்களுக்கு ரெண்டுமே போச்சு. பேக்கப்ல டேட்டாபேஸ், டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டர் (போட்டோ, ப்ளகின் எல்லாம் இருக்கறது), கான்ஃபிக் ஃபைல், அப்புறம் புள்ளியில பேர் ஆரம்பிக்கற ஹெச்டிஆக்சஸ் ஃபைல் (எந்த முகவரிக்கு எதைக் காட்டணும்னு சர்வருக்குச் சொல்றது) எல்லாம் இருக்கானு பாருங்க. கடைசியா சொன்னது மறைஞ்சே இருக்கும், அதை விட்டுட்டா முகப்புப் பக்கம் திறக்கும், உள்ள எந்த போஸ்ட்டைத் தட்டினாலும் 404னு, அதாவது பக்கம் இல்லனு வரும். அப்படி வந்தா பதறாதீங்க, அட்மின்ல பெர்மாலிங்க் (போஸ்ட் முகவரி) செட்டிங்ஸைத் திறந்து சும்மா சேவ் குடுங்க, பெரும்பாலும் சரியாகிடும். புது இடத்துல என்ஜின்எக்ஸ்ங்கற சர்வர் சாஃப்ட்வேர் மட்டும் ஓடுதுன்னா அது இந்த ஃபைலைப் படிக்கவே படிக்காது, அதை முன்கூட்டியே அவங்ககிட்ட கேட்டுடுங்க. பிஹெச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) வெர்ஷனும் கேளுங்க. பழைய இடத்துல இன்னும் 7.4ல ஓடிட்டிருக்கலாம், அதுக்கு 2022 நவம்பரோட ஆதரவு முடிஞ்சு போச்சு, புது இடத்துல 8க்கு மேலதான் இருக்கும், பழைய ப்ளகின் (வேர்ட்பிரஸ்ல சேர்த்துக்கற கூடுதல் வசதி) ஏதாவது இருந்தா வெள்ளைத் திரைதான் வரும். கிளம்பறதுக்கு முன்னாடியே ப்ளகின் எல்லாம் அப்டேட் பண்ணி, தேவையில்லாததைக் கழிச்சுக் கட்டுங்க.

ஏத்தி முடிச்சதும் உடனே டிஎன்எஸ்ஸை மாத்திடாதீங்க, முதல்ல நீங்க மட்டும் பாருங்க. உங்க கம்ப்யூட்டர்ல ஹோஸ்ட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல புது சர்வர் ஐபியும் உங்க டொமைன் பேரும் ஒரு வரி எழுதினா உங்களுக்கு மட்டும் புது சைட் தெரியும், உலகத்துக்குப் பழசுதான் தெரியும். பூட்டு இல்லனு ப்ரவுசர் கத்தும், கத்தட்டும், எஸ்எஸ்எல் (அந்தப் பூட்டைத் தர்ற சர்டிஃபிகேட்) இன்னும் வரலங்கறதுதான் காரணம். நாலு பக்கம் சுத்திப் பாருங்க, தேடல் வேலை செய்யுதா, போட்டோ ஏத்த முடியுதா, லாகின் ஆகுதானு. முடிஞ்சதும் அந்த வரியை அழிச்சிடுங்க, மறந்துட்டு ஒரு மாசம் கழிச்சு எனக்கு மட்டும் ஏன் இப்படி வருதுனு தேடினவங்க உண்டு.

மாத்தற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி டிஎன்எஸ் ரெக்கார்டோட டிடிஎல் (மத்தவங்க அதை எவ்வளவு நேரம் ஞாபகம் வெச்சுக்கலாம்கறது) மதிப்பைக் குறைங்க. அது விநாடிக் கணக்கு, சிபேனல்ல வழக்கமா 14400, அதாவது நாலு மணி நேரம், அதை 300 ஆக்குங்க. டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும்னு எல்லாரும் சொல்வாங்க, நிஜத்துல எதுவும் எங்கயும் பரவறதில்ல, பழைய பதிலை ஞாபகம் வெச்சிருக்கறவங்க அதை மறக்க எடுத்துக்கற நேரம்தான் அது. டிடிஎல் 300னா அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவாங்க. ஆனா நேம்சர்வரையே மாத்தினா இந்தக் கணக்கு செல்லாது, டாட் காம்ல அந்தப் பதிவோட டிடிஎல் 172800, ரெண்டு நாள், அது உங்க கையில இல்ல. அதனால எனக்குப் பிடிச்ச வழி என்னன்னா, முதல்ல டிஎன்எஸ்ஸை மட்டும் பழைய ரெக்கார்டு ஒண்ணு விடாம அப்படியே வெச்சு, கிளவுட்ஃப்ளேர் மாதிரி தனி டிஎன்எஸ் சர்வீஸுக்குக் கொண்டு போயிடணும், டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலுக்குப் போடற கையெழுத்துப் பாதுகாப்பு) போட்டிருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி அதை அணைச்சுடணும், இல்லன்னா சைட் காணாமலே போயிடும். ரெண்டு மூணு நாள் விட்டு எல்லாம் ஒழுங்கா இருந்தா அப்புறம் ஏ ரெக்கார்டை மட்டும் மாத்துங்க. தப்பாச்சுன்னா அஞ்சு நிமிஷத்துல பழைய ஐபிக்குத் திரும்பிடலாம்.

அந்த ஒரு நாள் புதுசா எதுவும் எழுதாதீங்க, கமெண்டும் மூடி வைங்க. மாறினதும் புது இடத்துல லெட்ஸ் என்க்ரிப்ட் எஸ்எஸ்எல் வாங்கிக்குங்க, காசு கிடையாது, சில நிமிஷம்தான் ஆகும். தானா புதுப்பிக்குதானு மட்டும் பார்த்துக்கணும், அந்த சர்டிஃபிகேட் 90 நாள்தான் தாங்கும். முகவரி எதுவும் மாறல, அதனால கூகுள்ல இருக்கற இடம் போயிடுமோனு கவலைப்பட வேண்டாம்.

பழைய ஹோஸ்டிங்கை உடனே கேன்சல் பண்ணாதீங்க, உங்களுக்குதான் நாள் இருக்கே, ரெண்டு மூணு வாரம் ரெண்டும் ஓடட்டும். பழைய சர்வரோட ஆக்சஸ் லாக்ல (சைட்டுக்கு யார் வந்தாங்கற பதிவு) ஆள் வரத்து நின்னுடுச்சா, பழைய மெயில்பாக்ஸ்ல புதுசா எதுவும் விழலையானு பாருங்க. ரெண்டும் காலியா கிடந்தா ஆட்டோ ரினியூவலை அணைச்சுட்டு கடைசியா ஒரு பேக்கப் இறக்கிக்குங்க. கேன்சல் பண்ணும்போது ஹோஸ்டிங்கை மட்டும் டிக் பண்ணுங்க, பக்கத்துலயே டொமைன் இருக்கும், கை தவறிடக் கூடாது. டொமைனை வேற இடத்துக்கு மாத்தறதுனா இதெல்லாம் அடங்கினப்புறம் ஒரு மாசம் கழிச்சு டொமைன் பூட்டை எடுத்துட்டு ஆத் கோடு (மாத்த அனுமதி தர்ற ரகசியக் குறியீடு) வாங்கி மாத்திக்கலாம், டாட் காம்னா மாத்தும்போதே கெடு ஒரு வருஷம் கூடும், அதனால கட்டின காசு வீணாகாது.