ரிட்டயர்டு தூதர்கள் பாடம் எடுக்கற சர்வதேச விவகார மையத்துல காசு கட்டி சேரலாமா?

கேள்வியில ரெண்டு விஷயம் கேட்டிருக்கீங்க. பி.எச்.டி. கூட இல்லாத ரிட்டயர்டு தூதர்கள் யூனிவர்சிட்டியில என்னத்த சொல்லித் தந்துடப் போறாங்கங்கறது ஒண்ணு, அவங்க வந்து உக்கார்றதால ஒழுங்கா பி.எச்.டி. முடிச்சவங்க வேலை போகுதாங்கறது இன்னொண்ணு. நீங்க டிகிரி முடிச்சுட்டு மாஸ்டர்ஸுக்கு பிரோஷரா பார்த்துட்டு இருக்கீங்கன்னு நினைக்கறேன், வீட்ல லோன் போட்டு அனுப்பப் போறாங்க போல, அதான் இவ்வளவு பயம். நியாயமான பயம்தான்.

நான் சிங்கப்பூர்ல இந்த மாதிரி ஒரு மையத்துல புரோகிராம் ஆபீசரா பல வருஷம் இருந்தவ. எந்த மையம்னு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. நான் பேராசிரியரும் இல்ல, தூதரும் இல்ல, ரெண்டு பக்கத்தையும் கிட்ட இருந்து பார்த்தவ, அவ்வளவுதான்.

முதல்ல இந்த "ரிட்டயர் ஆனவங்களுக்கு சும்மா ஒரு நாற்காலி"ங்கற பேச்சு. அதைக் கேட்டாலே எனக்கு சுர்ருன்னு ஏறும். எங்க ஊர் கதையை எடுத்துக்கோங்க. டாமி கோ யூனிவர்சிட்டி சட்டத் துறையில விரிவுரையாளரா இருந்தவர், 1968ல ஐ.நா.வுக்கு சிங்கப்பூர் தூதரா போனாரு. 1971ல திரும்பி வந்து டீன் ஆனாரு, அப்போ அவர் இடத்துக்கு நியூயார்க் போனது அதே துறையில பாடம் எடுத்துட்டு இருந்த நம்ம எஸ். ஜெயகுமார். 1974ல அப்படியே மாறிக்கிட்டாங்க, ஜெயகுமார் வந்து டீன், டாமி கோ மறுபடி ஐ.நா. இதுல யாரை வாத்தியார்ங்கறது, யாரை தூதர்ங்கறது? டாமி கோ அந்த ரெண்டாவது தடவை போனப்போதான் ஐ.நா. கடல் சட்ட மாநாட்டுக்குத் தலைவரா உக்காந்து 1982ல அந்த உடன்படிக்கையை முடிச்சுக் கொடுத்தாரு, 130 நாடு ஆதரவு, 4 எதிர்ப்பு. சட்டமும் தெரிஞ்சு பேசவும் தெரிஞ்சதாலதான் அது அவரால முடிஞ்சுதுன்னு நான் நம்பறேன்.

நன்யாங் யூனிவர்சிட்டியில 1996ல பாதுகாப்பு ஆய்வு மையம் ஆரம்பிச்சப்போ அதோட முதல் இயக்குநர் எஸ்.ஆர். நாதன். அமெரிக்காவுல தூதரா இருந்துட்டு நேரா வந்தவர், படிச்சது சோஷியல் ஸ்டடீஸ் டிப்ளமா, 1999ல நாட்டுக்கே அதிபர் ஆயிட்டாரு. அவருக்கு அப்புறம் வந்த பாரி டெஸ்கரும் இந்தோனேசியாவுல தூதரா இருந்தவர்தான். அந்த மையம்தான் 2007ல ராஜரத்தினம் பேர்ல பெரிய கல்விக்கூடமா மாறுச்சு, யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில பிறந்து சிங்கப்பூரோட முதல் வெளியுறவு அமைச்சர் ஆன அதே ராஜரத்தினம். லீ குவான் யூ பொதுக்கொள்கைப் பள்ளிக்கு 2004ல முதல் டீனா வந்த கிஷோர் மஹ்பூபானியும் ஐ.நா. தூதரா இருந்தவர், மாஸ்டர்ஸ் வரைக்கும்தான். அமெரிக்காவுல ஜார்ஜ்டவுன்ல வெளியுறவுப் பள்ளி ஆரம்பிச்சது 1919, அந்த நாட்டோட வெளியுறவு சர்வீஸையே ஒண்ணா சேர்த்து அமைச்சது 1924லதான். அதனால வகுப்பறையும் தூதரகமும் கலந்து கிடக்கறது நேத்து வந்த ஃபேஷன் இல்ல.

இப்போ நான் தூதர்களுக்கு சொம்பு தூக்கறேன்னு ஒருத்தர் கீழ வந்து எழுதுவாரு, அதனால மீதியையும் படிச்சுட்டு எழுதுங்க.

எங்க மையத்துல பேச்சுவார்த்தை, வரைவு எழுதறதுன்னு ஒரு பாடம். ஒரு முன்னாள் தூதரும், வரலாறுல பி.எச்.டி. பண்ண ஒரு மேடமும் சேர்ந்து எடுத்தாங்க. ரூம் புக் பண்றது, பேப்பர் ஜெராக்ஸ் போடறதெல்லாம் என் வேலை, முடிச்சுட்டு பின் வரிசையில உக்காந்துடுவேன்.

ஒரு வாரம் பெட்ரா பிராங்கா வழக்கு. தெரியாதவங்களுக்கு, அது சிங்கப்பூர் ஜலசந்தி கிழக்கு வாசல்ல இருக்கற ஒரு சின்ன பாறை, மேல 1851ல கட்டின ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம், அது யாருக்குன்னு சிங்கப்பூரும் மலேசியாவும் சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1953 ஜூன் 12ல சிங்கப்பூர் காலனி அரசு இந்தப் பாறையோட நிலை என்னன்னு, இன்னைக்கு மலேசியாவோட ஒரு மாநிலமா இருக்கற ஜொகூர் பக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்புச்சு. தூதர் அந்த ஒரு கடிதத்தை மட்டும் எல்லாருக்கும் கொடுத்துட்டு, "நீங்கதான் ஜொகூர் ஆபீஸ்ல உக்காந்திருக்கீங்க, பதில் எழுதுங்க"ன்னுட்டாரு. பிள்ளைங்க அழகா எழுதினாங்க, வரலாறு, ஒப்பந்தம், மரியாதை வார்த்தைன்னு பக்கம் பக்கமா. அவர் இங்கிலீஷைப் பார்க்கவே இல்ல. ஒவ்வொரு டேபிளா போய் ஒரே கேள்வி: "அனுப்பறதுக்கு முன்னாடி இதை யார்கிட்ட காட்டினே? சட்ட ஆலோசகர் பார்த்தாரா? நில அளவை ஆபீஸ்ல கேட்டியா? உனக்கு மேல இருக்கறவருக்குத் தெரியுமா?" ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. அதுக்கப்புறம்தான் நிஜமா வந்த பதிலை எடுத்துக் கொடுத்தாரு, 1953 செப்டம்பர் 21, ஜொகூரோட தற்காலிக மாநிலச் செயலாளர் எழுதினது. ஜொகூர் அரசு பெட்ரா பிராங்காவுக்கு உரிமை கோரலைங்கறதுதான் சாராம்சம், அவ்வளவுதான். 2008 மே 23ல ஹேக்ல இருக்கற அந்த நீதிமன்றத்துல 12 நீதிபதி ஆதரவு, 4 பேர் எதிர்ப்புன்னு அந்தப் பாறை சிங்கப்பூருக்குன்னு தீர்ப்பு வந்தப்போ அந்தக் கடிதம் ஒரு முக்கிய ஆதாரமா நின்னுச்சு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி யாரைக் கேக்கணும்ங்கறதை எந்தப் புத்தகமும் அந்த அளவுக்கு மண்டையில ஏத்தாது. அது ஒரு தொழில், செஞ்சவங்கதான் சொல்லித் தர முடியும்.

ஆனா அதோட விட்டிருந்தா பாடம் தப்பாப் போயிருக்கும். மேடம் எழுந்து, "கடிதம் ஒண்ணாலதான் ஜெயிச்சாங்கன்னு யாராவது எழுதினா மார்க் போட மாட்டேன்"னாங்க. தீர்ப்பை எடுத்து வச்சு வரி வரியா காட்டினாங்க. ஆதியில பாறை ஜொகூருக்குத்தான் சொந்தம்னு நீதிமன்றமே ஒத்துக்கிச்சு. கடிதத்தோட சேர்த்து, அந்தப் பக்கம் நடந்த கப்பல் விபத்துகளை சிங்கப்பூர் விசாரிச்சது, தீவுக்கு யார் வரலாம்னு சிங்கப்பூர் முடிவு பண்ணது, 1962லேருந்து 1975 வரைக்கும் மலேசியா போட்ட மேப்லயே அதை சிங்கப்பூர்னு குறிச்சிருந்தது, இதெல்லாம் சேர்ந்துதான் 1980க்குள்ள உரிமை கை மாறிடுச்சுன்னு முடிவுக்கு வந்தாங்க. பக்கத்துல இருக்கற மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கே போச்சு. தூதர் கையைக் கட்டிட்டு ஒரு மாணவன் மாதிரி கேட்டுட்டு நின்னாரு.

இன்னொரு நாள் தூதர் தான் கலந்துக்கிட்ட ஒரு பேச்சுவார்த்தையைப் பத்தி உருகி உருகி சொல்லிட்டு இருந்தாரு. மேடம் நடுவுல, "அது எந்த மாசம் அம்பாசடர்?"னு கேட்டாங்க. அவங்க ஆவணக் காப்பகத்துல அந்தக் கூட்டத்தோட குறிப்பைப் படிச்சிருக்காங்க, ரெண்டு தனித்தனி கூட்டம் அவர் ஞாபகத்துல ஒண்ணாயிருக்கு. அவர் முகம் மாறிடுச்சு, ரூம்ல பேச்சு மூச்சு இல்ல. அப்புறம் அவரே "அடுத்த வாரம் அதைக் கொண்டு வாங்க, எல்லாரும் சேர்ந்து படிப்போம்"னாரு, படிச்சாங்க. நான் அங்க இருந்த காலத்துலயே அதைவிட நல்ல வகுப்பு பார்த்ததில்ல. எல்லா தூதரும் இப்படி இருப்பாங்கன்னு நான் சொல்லல. பழைய போட்டோவைப் போட்டு தலைவரோட டின்னர் சாப்பிட்ட கதையிலயே செமஸ்டரை ஓட்டறவங்களும் இருக்காங்க.

என் மனசுல இன்னும் ஆறாத விஷயம் ஒண்ணு. அந்தப் பாடத்துக்கு போஸ்டர் அடிச்சப்போ தூதர் போட்டோ பெருசா மேல, மேடம் பேர் கீழ பொடி எழுத்துல. பேப்பர் திருத்தினது முழுக்க மேடம், ராத்திரி பதினொரு மணிக்கு மாணவர் ஈமெயிலுக்கு பதில் போட்டது மேடம், அவங்களுக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கற கான்ட்ராக்ட். நான் போஸ்டரை மாத்தணும்னு எழுதிக் கேட்டேன், மேல இருந்து டிசைன் ஏற்கனவே அப்ரூவ் ஆயிடுச்சுன்னு ஒரு வரி பதில். அந்தத் தூதரே போய் சொல்லியும் மாத்தல. அதனால ரெண்டாவது கேள்விக்கு, வேலை போகுதான்னு கேட்டா, போறது நாற்காலியை விட மரியாதைதான்னு சொல்லுவேன்.

   

இந்தியாவுல நிலைமை கேட்டீங்கன்னா, பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2022ல தொழில் அனுபவம் உள்ளவங்க வந்து பாடம் எடுக்கறதுக்கு 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்'னு ஒரு பதவி கொண்டு வந்திருக்கு. 15 வருஷ அனுபவம் இருந்தா போதும், பி.எச்.டி. கட்டாயம் இல்ல. ஆனா அனுமதிச்ச பணியிடத்துல 10 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, ரெகுலர் இடத்துல கை வைக்காம தனியாத்தான் எடுக்கணும், நீட்டிப்பு சேர்த்து 4 வருஷம்தான். பேப்பர்ல நல்ல ஏற்பாடுதான். ரெகுலர் இடத்தை வருஷக்கணக்கா நிரப்பாம போட்டுட்டு இவங்களை வச்சே ஓட்டற டிபார்ட்மென்ட்டா இருந்தா மட்டும் நீங்க சொல்ற பயம் சரி.

சேர்றதுக்கு முன்னாடி பிரோஷர்ல இருக்கற போட்டோவைப் பார்க்காதீங்க. பாடத்திட்டத்தை ஈமெயில்ல கேளுங்க, கேட்டா அனுப்புவாங்க. தூதர் பேர் வாராந்திர வகுப்புல இருக்கா இல்ல 'சிறப்புரை'ன்னு ஒரு நாள் மட்டும் இருக்கான்னு பாருங்க. பேப்பர் திருத்தறது யாருன்னு கேளுங்க. தூதரும் பேராசிரியரும் ஒரே ரூம்ல சேர்ந்து எடுக்கற பாடம் ஒண்ணாவது இருக்கான்னு கேளுங்க, இருந்தா லோன் போட்டே சேரலாம். பழைய மாணவங்க ரெண்டு பேரை லிங்க்ட்இன்ல பிடிச்சு, தூதர் உங்க டிராஃப்டை எப்பவாவது திருத்திக் கொடுத்தாரான்னு கேளுங்க. தலைவர்களோட டின்னர் கதை மட்டும் ஞாபகம் இருக்குன்னு சொன்னாங்கன்னா வேற இடம் பாருங்க.