ஈரமான ஊரில் கூடாரம் போட்டால் ரோக் மெலன் இனிக்குமா?

கேட்டவரின் கேள்வி இது: "எங்கள் ஊரில் பாதி நாள் சாயங்கால மழை. பிளாஸ்டிக் கூரை போட்டுக் கலப்பின ரோக் மெலன் (முலாம்பழ வகை) வளர்க்க ஆசை. பழம் இனிக்குமா, இல்லை செடி அழுகிப்போகுமா?"

இனிக்கும். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில். சுற்றிலும் செம்பனை, மிச்சம் மீதி கித்தா, அதாவது ரப்பர். ஏப்ரல், மேயிலும் அக்டோபர், நவம்பரிலும் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டிவிடும். வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 50 அடியில் கூடாரம் போட்டு, ஐந்து வருடமாகக் கிளாமர் என்ற ரோக் மெலன் ரகம் வைக்கிறேன். செடிகள் தரையில் இல்லை, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பையில். இப்போது 120 பை.

கூரை மழையைத்தான் தடுக்கும், ஈரக்காற்றைத் தடுக்காது. இது தெரியாமல்தான் முதல் பருவம் முழுவதும் போனது.

அந்தத் தடவை அக்டோபரில் நட்டேன். கூரை எட்டடி உயரம். பூச்சிக்குப் பயந்து நான்கு பக்கமும் வலை, வலைக்குக் கீழே மூன்றடிக்குப் பிளாஸ்டிக். அதே இடத்தில் 180 பையை நெருக்கி வைத்திருந்தேன். காலை ஏழு மணிக்குப் போனால் உள்ளேயே மழை பெய்த மாதிரி இலையெல்லாம் தண்ணீர். இரவில் ஈரம் கூரையில் கோத்து விடியும்போது சொட்டுகிறது. ஐந்தாவது வாரம் தண்டின் அடியில் ஊறின மாதிரி பழுப்புத் திட்டு, இரண்டு நாளில் அதிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் பிசின். தண்டுப் பிசின் நோய், ஒரு பூஞ்சணம். நானோ காலை ஈரத்திலேயே ஒரே கத்தரியால் வரிசையாகப் பக்கக் கிளை நறுக்கிக்கொண்டு போயிருக்கிறேன். நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். கடைசியில் கையில் வந்தது 19 பழம்.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் பையில் மிளகாய் போடும் பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) ஒருவர் வந்து பார்த்தார். உள்ளே நுழைந்ததும், "இங்கே எனக்கே மூச்சு முட்டுகிறதே" என்றார். அப்புறம்தான் கூரையைப் பிரித்துப் போட்டேன். முகடு இப்போது 13 அடி. உச்சியில் சூடும் ஈரமும் வெளியேற ஒரு இடைவெளி விட்டு, அதற்கு மேல் சின்னக் கூரை. பக்கப் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டேன், வலை மட்டும் இருக்கிறது. அடி இலைகளைக் கிள்ளி முழங்கால் உயரத்துக்குக் காற்றோட வழி விடுகிறேன். பையிலிருந்து வடியும் தண்ணீர் தரையில் தேங்காமல் வெளியே ஓட வாய்க்கால். இதற்கெல்லாம் செலவு ஆனது உண்மைதான், ஆனால் மருந்துக்குக் கொட்டிய காசை விடக் குறைவு.

என் அம்மா கித்தா மரத்தில் பால் வெட்டியவர். விடியற்காலையில் முதலில் பட்டையைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் கத்தி வைக்க மாட்டார். பால் கோப்பைக்குப் போகாமல் பட்டை மேலேயே வழிந்துவிடும். இப்போது நானும் இலையைத் தொட்டுப் பார்க்காமல் கத்தரியை எடுப்பதில்லை. பத்து மணிக்கு மேல், இலை காய்ந்த பிறகுதான் நறுக்குவேன், ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தரியை ஸ்பிரிட்டில் நனைத்து.

அடுத்தது தண்ணீர். சொட்டுநீர் டைமரை ஒரு நாளைக்கு எட்டு தடவை என்று வைத்துவிட்டு மறந்துவிடுவது இந்த ஊருக்கு ஆகாது. மேகம் மூடி, காற்றும் ஈரமாக இருக்கும் நாளில் இலையிலிருந்து நீர் ஆவியாகாது, அதனால் வேரும் உறிஞ்சாது. நார்த்தூள் ஊறிப்போய் வேர் பழுப்பாகிவிடும். இன்னொன்றும் நடக்கும். இலை நீராவி விடும்போதுதான் கால்சியம் மேலே ஏறுகிறது. அது நின்றால், தொட்டியில் கால்சியம் நைட்ரேட் எவ்வளவு இருந்தாலும் இளம் இலையின் ஓரம் கருகும். அதைப் பார்த்துவிட்டு உரம் போதவில்லை என்று இன்னும் கூட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் நல்ல வெயிலில் ஏழெட்டு தடவையும் மழை நாளில் இரண்டு மூன்று தடவையும் விடுகிறேன். பையைத் தூக்கிப் பார்ப்பேன். ஒரு பைக்கு அடியில் பேசின் வைத்து, விட்ட தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு வடிகிறதா என்றும் பார்ப்பேன்.

உரம் வழக்கமான ஏ, பி உரம்தான், தனித்தனியாகக் கரைத்து வைக்கும் இரண்டு பாகம். நாற்று நடும்போது ஈசி (தண்ணீரில் உரம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மீட்டர் காட்டும் அளவு) 1.2, பூ வரும்போது 2, காய் பெருக்கும்போது 2.5 வரை, பிஎச் (புளிப்புத் தன்மையின் அளவு) 6 பக்கம். ஏ, பி இரண்டையும் கெட்டிக் கரைசலாக நேரடியாகக் கலந்துவிடாதீர்கள். ஏவில் இருக்கும் கால்சியம் பியில் இருக்கும் சல்பேட், பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்து சொட்டுக் குழாயை அடைத்துவிடும்.

வலைக்குள் தேனீ வராது, மகரந்தம் நீங்கள்தான் வைக்க வேண்டும். நட்டு 25 முதல் 30 நாளில், காலை பத்து மணிக்குள். எட்டாவது கணு வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, 9 முதல் 13 வரை உள்ள கிளைகளில், அடியில் சின்ன உருண்டை இருக்கும் பூவைத் தேடுங்கள். ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து அதில் தொட்டு வையுங்கள். மழைக் காலையில் மகரந்தம் பிசுபிசுத்து ஒட்டாது, அதனால் நாலைந்து நாள் தொடர்ந்து வைப்பேன். காய் கோழி முட்டை அளவு வந்ததும் நல்லதாக ஒன்றை மட்டும் விட்டு மற்றதைப் பறித்துவிடுவேன். மனசு வராதுதான். ஆனால் இரண்டு விட்டால் இரண்டுமே சப்பென்று இருக்கும். 25 இலை வந்ததும் நுனியை வெட்டிவிடுகிறேன்.

தோலில் வலைக்கோடு விழும் நாட்களில் தண்ணீரைத் திடீரென்று கூட்டினால் காய் வெடிக்கும். பறிப்பதற்கு முந்தின வாரம் மெல்லக் குறையுங்கள். விதை போட்டு 75 முதல் 80 நாளில் பழம். என் மீட்டரில் பிப்ரவரி பழம் பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பு அளவு) 13, நவம்பர் பழம் 11. ஒரே விதை, ஒரே உரம், வெயில்தான் வித்தியாசம். அதனால் டிசம்பர் நடுவில் ஒரு தடவை, மே தொடக்கத்தில் ஒரு தடவை என்று விதைக்கிறேன். மழை மாதத்தில் கூடாரத்தைக் கழுவிக் காயவிடுவதோடு சரி.

விதை விலை அதிகம், பழத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இது எஃப்1, அதாவது இரண்டு ரகங்களைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறைக் கலப்பினம். அதன் விதை தாய் மாதிரி வராது. என் சித்தப்பா மகன் போட்டுப் பார்த்தான், பத்துச் செடியில் பத்து விதமான காய். ஒன்று உருண்டை, ஒன்று நீளம், சிலதில் வலைக்கோடே இல்லை.

முதல் தடவை 20 பையோடு ஆரம்பியுங்கள். பையின் கனம் கைக்குப் பழக ஒரு பருவம் ஆகும்.