பாஸ்வேர்ட் மேனேஜர்ல கிடக்குற பழைய என்ட்ரி எல்லாத்தையும் அழிச்சிடலாமா?

பாஸ்வேர்ட் மேனேஜர்னா நம்ம லாகின் விவரம் எல்லாத்தையும் பூட்டி வைக்கிற ஆப், பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்ட் மாதிரி. அதுல ஒரு என்ட்ரிய அழிக்கிறது பேங்க் பாஸ்புக்க கிழிச்சுப் போடுற மாதிரிதான், புக்கு போயிடும் ஆனா அக்கவுண்ட் அங்கேயே இருக்கும்.

அதனால முதல்ல அந்த சைட்டுக்குள்ள போய் அக்கவுண்ட்ட க்ளோஸ் பண்ணுங்க, அப்புறம் என்ட்ரிய தூக்குங்க. க்ளோஸ் பண்ணவே விடலைன்னா (சில சைட்டுல அந்த பட்டன எங்கயோ ஒளிச்சு வச்சிருப்பாங்க) கார்டு, அட்ரஸ் எல்லாம் எடுத்துட்டு பாஸ்வேர்ட மட்டும் புதுசா மாத்தி என்ட்ரிய விட்டு வைங்க. ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னா, நாம மறந்த அக்கவுண்ட் திருடனுக்கு ரொம்ப வசதி. 2012ல லிங்க்ட்இன்ல திருடுன கோடிக்கணக்கான பாஸ்வேர்டு 2016ல விலைக்கு வந்துச்சு, அதே பாஸ்வேர்ட மெயிலுக்கும் வச்சிருந்தவங்க கதிய யோசிச்சுக்கோங்க. சைட்டே இப்ப இல்லன்னா தாராளமா அழிக்கலாம், பிட்வார்டன்ல தெரியாம அழிச்சாலும் 30 நாள் ட்ராஷ்ல இருக்கும்.

லிஸ்ட் நீளமா இருந்தா சேஃப்டி கம்மின்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, 50 இருந்தாலும் 500 இருந்தாலும் காக்குறது ஆப்ப திறக்குற அதே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டுதான், ஆபத்து ஒரே பாஸ்வேர்ட நாலு இடத்துல வச்சிருக்கறதுல இருக்கு.