யானை எங்கே நிற்கிறது என்று சொல்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வால்பாறை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். என் சித்தப்பா அங்கே ஒரு எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யானைக்குப் பயந்துகொண்டேதான் காலம் தள்ளினார். தொண்டு நிறுவனத்துக்காரர்கள் ‘சகவாழ்வு’ என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சாவது தோட்டத் தொழிலாளி, விருது வாங்குவது இவர்கள். மின்வேலி போட்டுத் தடுக்கலாம், முடியாவிட்டால் பிடித்துக்கொண்டு போய் வேறு காட்டில் விடலாம். இவர்கள் ஏன் அதைச் சொல்வதில்லை? இவர்களுக்கு மனிதன் முக்கியமா, மிருகம் முக்கியமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் நியாயமானது. இந்தியாவில் ஆண்டுக்கு 500 பேருக்கு மேல் யானையால் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் காட்டோரத்தில் வாழும் ஏழைகள். காட்டு யானையைப் படத்தில் பார்த்து மகிழ்கிறவர் யாரோ, அதற்காக உயிரைக் கொடுக்கிறவர் யாரோ. இதை ஒத்துக்கொள்ளாமல் சகவாழ்வு பேசுகிறவர்களை நானும் நம்புவதில்லை. ஆனால் நீங்கள் வால்பாறையைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே நடந்திருக்கும் வேலை வேறு மாதிரியானது.

வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். தேயிலையும் காபியும்தான் அதிகம், நடுவில் துண்டு துண்டாகச் சோலைகள். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் யானைக்கு இந்தத் தோட்டங்களே வழி. தேயிலையை அது தின்பதில்லை. ஆற்றோரத்தையும் சோலைகளையும் பிடித்துக்கொண்டு கடந்து போகும். போகிற வழியில் அரிசி இருக்கும் ரேஷன் கடையோ சத்துணவுக் கூடமோ அகப்பட்டால் சுவரை இடிக்கும்.

மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 1996 இல் தொடங்கப்பட்ட அமைப்பு. அதைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவும் 2002 முதல் அங்கே யானைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து பதிவு செய்தார்கள். யானையால் நேர்ந்த சாவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று. பெரும்பாலும் ஒரே கதைதான். இறந்தவருக்கு யானை பக்கத்தில் நிற்பதே தெரியாது.

உங்கள் சித்தப்பாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறார் ஒருவர். இறங்கும்போது இருட்டிவிட்டது, மூடுபனி வேறு. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குத் தேயிலை நடுவே ஏறிப் போக வேண்டும். இடுப்பளவுச் செடி, வளைந்து வளைந்து போகும் ரோடு. அடுத்த திருப்பத்தில் ஒரு தாய் யானை குட்டியோடு நிற்கிறது. யானை அசையாமல் நின்றால் பத்தடியில்கூடத் தெரியாது. மதியமே எஸ்டேட்டின் அந்தப் பிரிவில், அந்த டிவிஷனில், களையெடுத்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். பஸ்ஸில் வந்தவருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஓர் உயிர்.

அந்தச் செய்தியைக் கொண்டுசேர்ப்பதைத்தான் இவர்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் இன்ன எஸ்டேட்டில் யானை நிற்கிறது என்று கீழே ஓடும் எழுத்து. 2011 முதல் செல்போனில் குறுஞ்செய்தி, பிறகு குரல் அழைப்பு. அப்புறம் சிவப்பு விளக்குகள். தூரத்திலிருந்தே தெரிகிற மேட்டில் கம்பம் நட்டு விளக்கு வைத்தார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருந்தால், பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்து அதை எரியவிடலாம். எனக்கு இந்த விளக்கின் மேல்தான் மதிப்பு அதிகம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் கொழுந்து பறிக்க வந்திருப்பவர்களுக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பி என்ன பயன்? சிவப்பு எரிந்தால் அவர்களும் நின்றுவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு சாவுகள் குறைந்தன. விருது என்றீர்கள். 2015 இல் ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகப் பிரிட்டனில் தரப்படும் விட்லி விருது கிடைத்தது உண்மைதான். அந்த விளக்கை எரியவிடுவது எஸ்டேட்டிலேயே குடியிருப்பவர்கள். பக்கத்து டிவிஷன்காரர் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று ராத்திரியில் போனை எடுக்கிறவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கை வளர ஆண்டுக்கணக்காக அங்கேயே தங்கி வேலை செய்ய வேண்டியிருந்தது.

சரி, மின்வேலி. ஊரையோ வயலையோ சுற்றி ஒழுங்காகப் பராமரிக்கும் வேலி பல இடங்களில் பயன்பட்டிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பராமரிப்பு நின்ற வேலி வெறும் கம்பி. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதை யானை கற்றுக்கொள்கிறது, மரத்தைச் சாய்த்தும் கம்பியை அறுக்கிறது. வால்பாறையில் காடும் தோட்டமும் மாறி மாறி வருகின்றன. ஒரு எஸ்டேட் வேலி போட்டால் யானை பக்கத்து எஸ்டேட் லைனுக்குள் இறங்கும்.

பிடித்து வேறு காட்டில் விடுவதற்கு அரிக்கொம்பன் என்ற யானையைவிட வேறு உதாரணம் வேண்டாம். அரிசிக்காகக் கடைகளை இடித்ததால்தான் அதற்கு அந்தப் பெயர். 2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதமே கம்பம் ஊருக்குள் வந்தது, அங்கே ஓர் உயிரும் போனது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டார்கள். செப்டம்பரில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து நின்றது. இலங்கையில் இப்படி இடம் மாற்றிய யானைகளுக்குக் கழுத்துப்பட்டை கட்டிக் கண்காணித்த ஆய்வு ஒன்று 2012 இல் வெளியானது. சில திரும்பி வந்தன, சில ஊர் ஊராக அலைந்தன. ஆளைக் கொன்ற யானையைப் பிடித்தே ஆக வேண்டிய நேரங்கள் உண்டு, அதை வனத்துறை செய்யத்தான் வேண்டும். வழக்கமான தீர்வாக அதை வைத்துக்கொண்டால், ஓர் ஊரின் ஆபத்தை எச்சரிக்கையே இல்லாத இன்னொரு ஊருக்கு அனுப்புகிறோம்.

மனிதனா மிருகமா என்ற கேள்விக்கு, இதே அமைப்பு இமாசலத்தின் ஸ்பிட்டியில் செய்ததைப் பாருங்கள். பனிச்சிறுத்தையிடம் கால்நடை இழப்பவர்களுக்காக 2002 இல் ஒரு காப்பீடு தொடங்கினார்கள். ஊர்க்காரர்களே சந்தா கட்டி, அவர்களே குழு அமைத்து நடத்துகிறார்கள். இழப்பு முழுதும் ஒரே வீட்டின் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வது மனிதனுக்கான வேலைதானே?

உங்கள் கோபம் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே சிறுத்தையாலும் ஆபத்து உண்டு, அதற்கு இந்த விளக்கு உதவாது. லைன் வீட்டை ஒட்டிய புதரை வெட்ட வேண்டும், வாசலில் வெளிச்சம் வேண்டும், குழந்தைகள் இருட்டில் வெளியே போகத் தேவையில்லாதபடி கழிப்பறை வீட்டோடு இருக்க வேண்டும். இதெல்லாம் எஸ்டேட் நிர்வாகங்கள் செய்து கொடுக்க வேண்டியவை. செய்யவில்லை என்றால் அவர்களைக் கேளுங்கள், தொண்டு நிறுவனத்தை அல்ல. நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.