பாதியில ஊசியை எடுக்காதீங்க தம்பி

அண்ணா, வணக்கம்.

எனக்கு 27 வயசு, கோயம்புத்தூர். போன மாசம் எங்க தெருவுல ஒரு வீட்டை காலி பண்ணாங்க. அந்த வீட்டுத் தாத்தா ரொம்ப வருஷம் கப்பல்ல வேலை பார்த்தவராம். பழைய பேப்பர் கடைக்குப் போக இருந்த ஒரு அட்டைப்பெட்டியை நான் கேட்டு வாங்கிட்டேன். உள்ள 31 இசைத்தட்டு. டானா சம்மர், சில்வெஸ்டர், ஷீக், நியூ ஆர்டர்னு முக்கால்வாசி டிஸ்கோ, சிந்த்-பாப், அதுலயும் 12 இஞ்ச் சிங்கிள்தான் நிறைய. ஒண்ணுக்கு கவரே இல்லை, வெறும் தட்டு. இதையெல்லாம் வச்சுக்கறதா, வித்துட்டு புதுசா வர்ற ரீஇஷ்யூ வாங்கறதா? எந்த பிளேயர் வாங்கலாம்? இன்னொண்ணு, பாட்டு ஒவ்வொண்ணும் 7 நிமிஷம் 8 நிமிஷம் ஒரே அடி போயிட்டே இருக்கு, ஃபிரெண்டு வீட்டு பிளேயர்ல போட்டு பாதியிலயே ஊசியை எடுத்துட்டேன். போன்ல இதே பாட்டு 3 நிமிஷ வெர்ஷன் இருக்கு, அது போதும்னு தோணுது. 'இதெல்லாம் மெஷின் போட்ட பாட்டு, உயிரே இல்ல'ன்றான் ஃபிரெண்டு. நீங்க என்ன சொல்றீங்க?

பேர் போட வேண்டாம் அண்ணா.

*

அன்புள்ள தம்பி,

உங்க கடிதம் வந்த அன்னிக்கு எங்க வீட்ல மாமாவோட திதி. அம்மாவோட தம்பி, அவரும் கப்பல்காரர்தான், எஞ்சின் ரூம்ல 22 வருஷம். சாப்பிட்டு முடிச்சு போனை எடுத்தா 'கப்பல்ல வேலை பார்த்தவராம், அட்டைப்பெட்டி'ன்னு நீங்க எழுதியிருக்கீங்க. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். வழக்கமா இப்படி கடிதத்துக்கெல்லாம் நாலு வரியில பதில் போட்டுட்டுப் போயிடுவேன், இதுக்கு முடியல.

கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். தட்டு வளையாம, ஆழமா கீறல் இல்லாம இருந்தா வச்சுக்கோங்க, ரீஇஷ்யூவை அப்புறம் பார்த்துக்கலாம். பிளேயர் எதுவா வேணா இருக்கட்டும், ஊசி புதுசா இருக்கணும், சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கற மலிவு சமாச்சாரம் மட்டும் வேண்டாம். விலையைப் பத்தி நான் பேசறதா இல்லை.

ஆனா அந்த 3 நிமிஷ விஷயத்தை எழுதினீங்க பாருங்க, அதுக்கு உங்களைத் திட்டாம விட மாட்டேன்.

தம்பி, அந்த 8 நிமிஷம்தான் பாட்டு. 3 நிமிஷம்ன்றது ரேடியோக்காரன் சவுகரியத்துக்கு வெட்டின துண்டு. கச்சேரியில ஆலாபனை, நிரவல், தனி எல்லாத்தையும் எடுத்துட்டு பல்லவியை மட்டும் ரெண்டு தடவை பாடிட்டு மைக்கை அணைச்சா ஒத்துக்குவீங்களா? 70கள்ல நியூயார்க் பக்கத்துல ஃபயர் ஐலண்ட்னு ஒரு தீவுல டாம் மோல்டன்னு ஒருத்தர் இதைத்தான் கவனிச்சார். ஜனங்க ஆடிட்டே இருக்காங்க, சூடு ஏறுது, உடம்பு பாட்டுக்குள்ள போற நேரத்துல பாட்டு முடிஞ்சிடுது, அடுத்த பாட்டு வேற வேகம், எல்லாரும் இறங்கிப் போயிடறாங்க. அவர் வீட்ல உக்காந்து டேப்பை வெட்டி ஒட்டி, ஒரு பாட்டுல இருந்து இன்னொண்ணுக்கு ஆடறவங்களுக்கே தெரியாம போற மாதிரி 45 நிமிஷ டேப் ஒண்ணு செஞ்சார், அதுக்கு 80 மணி நேரம் ஆச்சு. ஒருத்தன் 80 மணி நேரம் பிளேடும் டேப்புமா உக்காந்து எதை நீட்டினானோ அதை நீங்க பாதியில எடுத்துட்டேன்னு சர்வ சாதாரணமா எழுதறீங்க.

உங்க கையில இருக்கற, பக்கத்துக்கு ஒரு பாட்டுன்னு வர்ற 12 இஞ்ச் சிங்கிள்ன்ற சாமானே அந்த மோல்டனால வந்ததுதான், அதுவும் தற்செயலா. ஒருநாள் ஸ்டுடியோவுல மாஸ்டர் (மூலத் தட்டு) வெட்ட 7 இஞ்ச் தட்டு தீர்ந்துபோச்சு, இருந்தது 10 இஞ்ச். அவ்வளவு பெரிய தட்டுல ஓரமா கொஞ்சூண்டு பாட்டு இருக்கறது பார்க்க நல்லாயில்லைன்னு கோடுகளை விரிச்சு, சத்தத்தை ஏத்தி வெட்டச் சொன்னார். போட்டுக் கேட்டா கீழ்ஸ்தாயி பாஸ் நெஞ்சுல இடிக்குது. அடுத்தது 12 இஞ்ச்லயே வெட்டிட்டாங்க. பெட்டியில இருந்து பல பாட்டு இருக்கற ஒரு எல்பியும் ஒரு 12 இஞ்ச் சிங்கிளும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு வச்சுப் பாருங்க. எல்பியில கோடுங்க நெருக்கி நெருக்கி சாம்பல் நிறமா தெரியும். சிங்கிள்ல கோடுங்க நடுவுல இடம் விட்டு அகலமா, அடி விழற இடத்துல லேசா வளைஞ்சு வளைஞ்சு போறது கண்ணுக்கே தெரியும். பாஸ்ஸுக்கு ஊசி ரெண்டு பக்கமும் அகலமா ஆடணும், ஆட இடம் வேணும், அந்த இடத்தைத்தான் உங்களுக்கு அங்க குடுத்திருக்காங்க. கடைக்கு விக்க வந்த முதல் 12 இஞ்ச் 1976ல, சால்சோல் கம்பெனி போட்டது, டபுள் எக்ஸ்போஷர்ன்ற குழுவோட 'டென் பெர்சென்ட்'. வால்டர் கிப்பன்ஸ்னு ஒரு டிஜே அதை 9 நிமிஷத்துக்கு மேல நீட்டினார். அப்போ இருந்து நீளம்தான் இந்த சங்கீதத்தோட இலக்கணம்.

'ஒரே அடி'ன்னு சொல்றீங்க. எங்க பாட்டியும் அதையேதான் சொன்னாங்க.

1979னு நினைக்கறேன், எனக்கு பத்து வயசு, ராயபுரத்துல இருந்தோம். மாமா லீவுல வரும்போது ஹாம்பர்க்ல வாங்கின, டானா சம்மர் பாடின 'ஐ ஃபீல் லவ்' 12 இஞ்ச் கொண்டு வந்தார், 8 நிமிஷத்துக்கு மேல ஓடும். முதல் தடவை போட்டதும் திண்ணையில இருந்து பாட்டி குரல், 'டேய் ஊசி மாட்டிக்கிச்சு பாரு, தள்ளி விடுடா.' நானும் தட்டு கீறிடுச்சுன்னு நினைச்சு கையைக் கொண்டு போனேன். மாமா மணிக்கட்டை கப்புன்னு பிடிச்சுட்டார். 'பாதியில ஊசியை எடுத்தே, கையை முறிச்சிடுவேன்'ன்னார். மாமா என்னை அதட்டினது அந்த ஒரு தடவைதான். சொன்னதையே திரும்பச் சொல்றவனை கீறல் விழுந்த ரெக்கார்டுன்னு சொல்ற ஊர் இல்லையா நம்மது, திரும்ப வந்தாலே பழுதுன்னு நமக்கு ஒரு நினைப்பு. அதே நாம சஷ்டி கவசத்துக்கு கண்ணை மூடிக்குவோம், பறை ஒரே அடியில நிக்காம அடிச்சா காலு தன்னால ஆடும், அப்பெல்லாம் ஊசி மாட்டிக்கிச்சுன்னு யாரும் சொல்றதில்லை.

அந்த பிளேயருக்கு ரெண்டு ஸ்பீக்கர். வலது பக்க ஸ்பீக்கரோட கோனை எலி கடிச்சுக் குதறி வச்சிருந்துச்சு, அதனால இடது பக்கம் மட்டும்தான் பேசும். ஆறு வருஷம் அந்தப் பாட்டை ஒரு ஸ்பீக்கர்லயேதான் கேட்டேன். அப்புறம் 1985ல ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒருத்தர் வேற கோன் ஒட்டிக் குடுத்தார். வீட்டுக்கு வந்து ஒயரை மாட்டி அதே தட்டைப் போட்டேன். தம்பி, எப்படி எழுதறதுன்னே தெரியல. ஆறு வருஷமா 'த... தி... த... தி...'ன்னு போயிட்டிருந்த பாஸ் திடீர்னு 'தகதிமி தகதிமி'ன்னு ஓட ஆரம்பிச்சிடுச்சு! வேற தட்டை மாத்திப் போட்டுட்டேனான்னு லேபிளைப் போய்ப் பார்த்தேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் விவரம் தெரிஞ்சுது. அந்தப் பாட்டைத் தயாரிச்ச மோரோடர் அந்த பாஸை இடது பக்கம் அப்படியே வச்சுட்டு, அதையே ஒரு இம்மி தாமதிச்சு வலது பக்கம் வச்சிருக்கார். இந்தப் பக்கம் 'த'வும் 'தி'யும், அந்தப் பக்கம் 'க'வும் 'மி'யும். ரெண்டும் சேர்ந்தாத்தான் முழு ஓட்டம். எலி கடிச்சதுல பாதி பாட்டு எனக்கு ஆறு வருஷம் கிடைக்கவே இல்லை. உங்களுக்கு எலியும் கடிக்கல ஒண்ணும் இல்ல, நீங்களா பாதியை வேண்டாம்னு தள்ளறீங்க, அதுதான் எனக்கு ஆத்திரம்.

இப்போ உங்க ஃபிரெண்டு விஷயம். மெஷின் போட்ட பாட்டாம். 1977, ம்யூனிக், மியூசிக்லேண்ட் ஸ்டுடியோ. ஜியார்ஜியோ மோரோடரும் அவரோட கூட்டாளி பீட் பெலாட்டும் 'ஐ ஃபீல் லவ்'வை முழுக்க சிந்தசைசர்ன்ற மின்னணு வாத்தியத்துலயே கட்டணும்னு இறங்கறாங்க. அந்த மோக் சிந்தசைசர் அலமாரி சைஸ், எபர்ஹார்ட் ஷோனர்னு ஒரு இசையமைப்பாளரோடது, அதை மேய்க்கத் தெரிஞ்சவர் அவரோட உதவியாளர் ராபி வெடல். அது கொஞ்ச நேரம் ஓடினதும் சுருதி விலகிடும். கொஞ்சம் பதிவு பண்ணு, நிறுத்து, சுருதி சேரு, மறுபடி பதிவு பண்ணு, இப்படித் துண்டு துண்டா எடுத்திருக்காங்க. தம்பூரா சேர்க்கற பொறுமை வேணும் அதுக்கு. கிக் டிரம்முக்கு அந்த மெஷின்ல வர்ற சத்தம் பத்தல. அதனால கீத் ஃபோர்சின்னு ஒரு டிரம்மரை உக்கார வச்சு கால்ல மிதிக்க விட்டாங்க. நீங்க மெஷின் அடின்னு நினைக்கறீங்களே, அது ஒரு மனுஷனோட கால். அந்த அடியே மெஷின் கண்டுபிடிச்சது இல்ல, பிலடெல்ஃபியாவுல எர்ல் யங்னு ஒரு டிரம்மர், 1973ல ஹெரால்ட் மெல்வின் குழுவோட 'தி லவ் ஐ லாஸ்ட்' பாட்டுல நாலு எண்ணிக்கைக்கும் கிக்கை மிதிச்சு, நடுவுல ஹை-ஹேட்ன்ற ஜோடி சிம்பலை 'ட்ஸ்ஸு'ன்னு திறந்து விட்டார், டிஸ்கோ அங்கிருந்துதான் நடக்க ஆரம்பிச்சுது.

இத்தனைக்கும் மேல டானா சம்மர். பாஸ்டன்ல சர்ச்ல பாடி வளர்ந்த பொண்ணு, மேடை நாடகத்துக்காக ஜெர்மனி வந்து அங்கேயே தங்கினவங்க. மெஷின் கீழ ஓடிட்டே இருக்கு, அவங்க குரல் அதுக்கு மேல ஏதோ தரையில கால் படாத மாதிரி மிதக்குது. நாலஞ்சு வரிதான் பாட்டே. அதுல உயிர் இல்லைன்னு எவனாவது சொன்னா அவன் காதைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

அப்புறம் சில்வெஸ்டர் தட்டு இருக்குன்னீங்களே, 'மைட்டி ரியல்' தானே அது? 1978, சான் ஃபிரான்சிஸ்கோ. அவரும் சின்ன வயசுல சர்ச்ல பாடினவர், அந்த உச்சக்குரல் அங்க பழகினது. அதுல சிந்தசைசர் வாசிச்சவர் பேட்ரிக் கவ்லி. அதே கவ்லிதான் 'ஐ ஃபீல் லவ்'வை எடுத்து, தட்டுல இருந்தே டேப் லூப் செஞ்சு, மேல தன்னோட சிந்தசைசரையும் சேர்த்து 15 நிமிஷத்துக்கு மேல நீட்டினவர். டிஜேக்கள் கைக்கு கை மாத்தி வச்சிருந்த அந்த வெர்ஷன் 1982லதான் முறையா வெளிவந்துச்சு. அந்த வருஷம் நவம்பர்ல எய்ட்ஸ்ல போயிட்டார், 32 வயசு. சில்வெஸ்டர் 1988ல, 41 வயசு, அதே நோய். தன் பாட்டுல வர்ற பணத்தை நோயாளிகளுக்காக எழுதி வச்சுட்டுப் போனார். தன்பாலீர்ப்பாளர்கள் மாதிரி வெளியில தலை நிமிர்ந்து நடக்க முடியாதவங்க ராத்திரி ஒரு இடத்துல சேர்ந்து விடியற வரைக்கும் ஆடின பாட்டு இது. அவங்களுக்கு அது முடியவே கூடாது, அதனாலதான் நீட்டி நீட்டி வச்சாங்க. இதுக்கு மேல என்ன உயிர் வேணுமாம் உங்க ஃபிரெண்டுக்கு?

இதை வெறுத்தவங்களும் இருந்தாங்க. 1979 ஜூலை 12, சிகாகோ கமிஸ்கி பார்க் மைதானத்துல, ஒரு டிஸ்கோ தட்டும் 98 சென்ட்டும் குடுத்தா உள்ள வரலாம்னு கூட்டம் சேர்த்து, நடு மைதானத்துல தட்டுகளைக் குவிச்சு வெடி வச்சாங்க. அன்னிக்கு அங்க வேலைக்கு நின்ன வின்ஸ் லாரன்ஸ்ன்ற கறுப்பினப் பையன் கவனிச்சானாம், வந்த தட்டுல பலது டிஸ்கோவே இல்லை, கறுப்பினக்காரங்க பாடின தட்டு, அவ்வளவுதான். அதே பையன் 1984ல டிஸ்கோவோட வாரிசான ஹவுஸ் சங்கீதத்துல சிகாகோவோட முதல் தட்டுகள்ல ஒண்ணை சேர்ந்து எழுதினான்.

நியூ ஆர்டர் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. 'ப்ளூ மண்டே', 1983, மான்செஸ்டர் குழு. அதுல வர்ற டிரம் நிஜமாவே மெஷின்தான். ஆனா குழுவுல இருந்த கில்லியன் கில்பர்ட், மெஷின் தானா வாசிக்க வேண்டிய அந்த நோட்டு வரிசையை பெரிய பெரிய பேப்பரா ஒட்டி ஒவ்வொரு நோட்டா எழுதி வச்சு கையால ஏத்தினாங்க, ஸ்வெட்டர் பின்னறதுக்கு கணக்கு எழுதி வைப்பாங்களே அந்த மாதிரி. ஏத்தும்போது ஒரு நோட்டு விட்டுப்போச்சு. அதனால மெலடி தாளத்தோட ஒட்டாம கொஞ்சம் நழுவியே ஓடுது, அப்படியே விட்டுட்டாங்க. உலகத்துலயே அதிகமா வித்த 12 இஞ்ச் அதுதான். ஏழரை நிமிஷம். அந்த நழுவலை 3 நிமிஷத்துல எங்க போய்க் கேப்பீங்க?

மாமாகிட்ட ஒருதடவை கேட்டேன், ஏன் இதையே போடறீங்கன்னு. லீவுல வந்தா முதல் ஒரு வாரம் அவருக்கு தூக்கம் வராது. மாசக்கணக்கா எஞ்சின் சத்தத்துலயே தூங்கினவருக்கு வீட்ல அந்த அமைதி தாங்காது, 'கப்பல் நின்னுபோச்சுன்னு உடம்பு முழிச்சுக்குதுடா'ன்னார். எல்லாரும் படுத்தப்புறம் சத்தத்தைக் குறைச்சு இந்தத் தட்டைப் போட்டுட்டு சுவத்துல சாய்ஞ்சு உக்காந்திருப்பார். முடிஞ்சா ஊசியைத் தூக்கி மறுபடி முதல்ல வைப்பார். நான் பாயில படுத்துட்டு லேபிள் சுத்தறதையே பார்த்துட்டு இருப்பேன், எப்போ தூங்கினேன்னு தெரியாது.

அந்த வீட்டுக்காரங்க இன்னும் பக்கத்துலதான் இருக்காங்களா தம்பி? இருந்தா அந்தத் தாத்தா எஞ்சின்ல இருந்தாரா டெக்ல இருந்தாரான்னு கேட்டு எழுதுங்க. கவர் இல்லாத அந்த ஒரு தட்டு, அதை லேபிள் பக்கத்துல கோடு முடியற இடத்துல வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, கையால ஏதோ எழுத்தும் நம்பரும் கீறியிருக்கும், அது என்னன்னும் அனுப்புங்க. கவர் இல்லாம கிடக்குன்னா அதைத்தான் அவர் அதிகமா வெளிய எடுத்திருப்பார்.