புலம்பெயர்ந்த குடும்பக் கதைகள்ல பெத்தவங்களும் பிள்ளைங்களும் ஏன் மோதிக்கிட்டே இருக்காங்க?

பிள்ளைங்க வேரை மறந்துட்டாங்கன்னு நிறைய பேர் சொல்வாங்க, எனக்கு அது சரியாப் படல. பெத்தவங்க மனசுல இருக்கறது அவங்க கிளம்புன வருஷத்து ஊர், அந்த ஊரே அப்புறம் மாறிப்போயிருக்கும், பிள்ளைக்கோ அது லீவுக்குப் போற இடம், அப்போ ரெண்டு பேரும் ஒரே ஊரைப் பத்திப் பேசவே இல்ல. ஜும்பா லஹிரியோட 'தி நேம்சேக்' (2003) நாவலை எடுத்துக்கோங்க, முதல் சீன்லயே நிறைமாசமா இருக்கற ஆஷிமா அமெரிக்க கிச்சன்ல ரைஸ் கிரிஸ்பீஸ் (பொரி மாதிரி இருக்கற காலை உணவு), கடலை, வெங்காயம் எல்லாம் கலந்து கல்கத்தா தெருவோரத் தீனிய செஞ்சு பார்ப்பா, ஏதோ ஒண்ணு குறையும். அந்தக் குறை அவளுக்குப் புரியும், அங்கேயே பிறந்த மகன் கோகோலுக்கு எப்படிப் புரியும்? காலேஜுக்குப் போறதுக்கு முன்னாடி அவன் பேரையே நிகில்னு மாத்திக்கிறப்போ எனக்கு அவன் மேலயும் கோபம் வரல, பேர் வச்ச அப்பா மேலயும் வரல, இந்த மாதிரி கதைகள்ல நான் தேடுறதே அதைத்தான்.