ஆளில்லாத ஊர் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நானும் என் நண்பனும் சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு மட் (பலர் இணையத்தில் சேர்ந்து எழுத்திலேயே ஆடும் கற்பனை உலக விளையாட்டு) நடத்திவருகிறோம். ஆங்கிலத்தில்தான். ஒரு துறைமுக நகரமும் சுற்றியிருக்கும் தீவுகளும் கதைக்களம். எவெனியா என்ற மட் கட்டும் மென்பொருளில் எழுதி, வாடகை சர்வரில் ஓட்டுகிறோம். 3000 அறைகள் கட்டிவிட்டோம், தெருவோ கடையோ ஒவ்வொரு இடமும் ஒரு அறை. 22 இனங்கள், கப்பல் சண்டை, மீன்பிடி, வியாபாரம் எல்லாம் உண்டு. 400 பேருக்கு மேல் பாத்திரம் உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் பாதிக்கு மேல் பத்து நிமிடம்கூட இருப்பதில்லை. தினமும் வருபவர்கள் 40 பேர் தேறுவார்கள். அவர்களும் "ஊரில் ஆளே இல்லை" என்கிறார்கள். தினமும் லாகின் செய்தால் தங்கக் காசு என்று வைத்துப் பார்த்தோம். படங்கள் சேர்க்கலாம் என்கிறான் நண்பன். வெறும் எழுத்தை இந்தக் காலத்தில் யார் விளையாடுவார்கள் என்று எனக்கும் சோர்வாக இருக்கிறது. மூடிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூட வேண்டாம். உங்கள் கடிதம் வந்த வாரமே இரண்டு முறை உள்ளே போய்ப் பார்த்தேன். மீன் இறக்கும் படித்துறையை எழுதியவர் நீங்களா, நண்பரா? கூடைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் காய்ந்து ஒவ்வொரு படியின் விளிம்பிலும் உப்புக்கோடு போட்டிருக்கிறது என்று ஒரு வரி வருகிறது. அந்த வரிக்காகவே அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். எழுதத் தெரிந்தவர்கள் கட்டிய ஊர் அது.

ஆனால் அந்தப் படித்துறைக்குப் போய்ச் சேர எனக்கு 25 நிமிடம் ஆனது. முதலில் ஒன்பது அரசர்களின் வரலாறு. அப்புறம் 22 இனங்களில் ஒன்று, பிறந்த தீவு, குலதெய்வம், தொழில். எல்லாம் முடிந்ததும் வடக்கு வாசலில் இறக்கிவிட்டீர்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்டேன். என் பெயர் மட்டும் வந்தது. 15 அறை நடந்தேன். ஒரு நாய், இரண்டு காவலர்கள். மூன்றும் கணினி ஆட்டுவிப்பவை. நான் உங்கள் கடிதத்துக்காகப் போனவன், அதனால் இருந்தேன். சும்மா எட்டிப் பார்க்க வந்தவராக இருந்தால் அப்போதே கிளம்பியிருப்பேன்.

40 பேர் வருகிறார்கள் என்கிறீர்களே, ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அந்த 40 பேரும் தினமும் ஆளுக்கு ஒரு மணி நேரம் விளையாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால், எந்த நேரத்தில் பார்த்தாலும் சராசரியாக இரண்டு பேர்கூட உள்ளே இல்லை. அந்த இரண்டு பேரையும் 3000 அறைகளில் விட்டால் ஒருவரை ஒருவர் எங்கே பார்ப்பது? அதே 40 பேர் அதே ஒரு மணி நேரத்தை இரவு இரண்டு மணி நேரத்துக்குள் செலவழித்தால், ஒரே சமயத்தில் 20 பேர். 20 பேர் இருக்கும் மட் கலகலவென்று இருக்கும். உங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள், எஸ். அவர்கள் சந்தித்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த வகை விளையாட்டு பிறந்த கதையே இதற்கு நல்ல உதாரணம். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா முதல் மட்டை எழுதத் தொடங்கினார். பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் அதை ஏற்று வளர்த்தார். வெளியாட்கள் தொலைபேசி வழியாக உள்ளே வரலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும் பின்னிரவில்தான் அனுமதி. இடைஞ்சல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு என்னவோ அந்த இடைஞ்சல்தான் அந்த விளையாட்டை வாழவைத்தது என்று தோன்றுகிறது. விளையாட நினைத்தவர்கள் எல்லோரும் அந்தச் சில மணி நேரத்துக்குள்தான் வந்தாக வேண்டும், வந்தால் மற்றவர்களும் அங்கே இருப்பார்கள்.

பார்ட்டில் 1996-ல் எழுதிய கட்டுரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மட் ஆடுபவர்களைச் சீட்டுக்கட்டின் நான்கு வகைகளாகப் பிரித்தார். புதையலைத் தேடிச் சாதிப்பவர்கள் டைமன். தோண்டித் துருவிப் பார்ப்பவர்கள் இஸ்பேட். பழகுவதற்காக வருபவர்கள் ஆட்டின். மற்றவர்களை அடித்து இன்பம் காண்பவர்கள் கிளாவர். இந்தப் பிரிவைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் வரும் பகுதி. ஒரு வகையினர் கூடினால் மற்ற வகையினர் எப்படிக் கூடுகிறார்கள், குறைகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போய், ஒரு மட் எந்தெந்த நிலைகளில் மாறாமல் நிற்கும் என்று சொல்கிறார். அவற்றில் ஒன்று, ஆளே இல்லாத மட். காலியாகக் கிடப்பதும் ஒரு நிலைதான். ஆள் இல்லாததால் வந்தவர் போகிறார், அவர் போவதால் அடுத்து வருபவருக்கும் ஆள் இல்லை. தானாக இது மாறாது. நீங்கள் இன்னும் 500 அறை கட்டினால் நிலைமை கொஞ்சம் மோசமாகும்.

அதனால் முதல் வேலை, ஊரைச் சுருக்குங்கள். தீவுகளை அழிக்க வேண்டாம். புயல் என்று சொல்லிப் படகுப் போக்குவரத்தை நிறுத்துங்கள். கதைக்குள்ளேயே ஒரு காரணம் கிடைத்துவிட்டது. துறைமுகமும் அதைச் சுற்றி ஒரு 40 அறையும் போதும். புதிதாக வருபவர் வடக்கு வாசலில் இறங்கக் கூடாது, ஆட்கள் கூடும் இடத்துக்குப் பக்கத்து அறையில் இறங்க வேண்டும். 1990-களில் பேவல் கர்ட்டிஸ் நடத்திய லாம்டாமூ என்ற மட்டில் புதியவர் கண் விழிப்பது கோட்டு மாட்டும் ஓர் இருட்டு அலமாரி அறையில். கதவைத் திறந்து ஒரு அடி வைத்தால் வரவேற்பறை. ஊர்க்கூட்டம் முழுக்க அங்கேதான். கர்ட்டிஸ் தன் சொந்த வீட்டை மாதிரியாக வைத்துத்தான் அதைக் கட்டினார். அந்த அறையில் ஒரு கொண்டைக்கிளி உண்டு. யாரோ எப்போதோ பேசிய வாக்கியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு திடீரென்று கத்தும். பலருக்கு அது தொல்லை. ஆனால் நினைத்துப் பாருங்கள், அறை காலியாக இருக்கும்போது வந்தவருக்கும் இங்கே மனிதர்கள் பேசியிருக்கிறார்கள் என்று அந்தக் கிளி சொல்லிவிடும். உங்கள் சாராயக்கடையில் அப்படி ஏதாவது வையுங்கள். கரித்துண்டால் கிறுக்கக்கூடிய ஒரு சுவர் இருந்தால்கூடப் போதும்.

ஆட்டக்காரர்களையும் அறை கட்ட விடலாமா என்று கேட்பீர்கள். விடுங்கள், ஆனால் அளவோடு. 1989-ல் ஜிம் ஆஸ்ப்னஸ் எழுதிய டைனிமட்டில் யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஜனம் அள்ளிக்கொண்டு வந்தது, ஒரு வருடம்கூட அது தாங்கவில்லை. தன் கையால் ஒரு கடையோ படகோ செய்து வைத்தவர் அதைப் பார்க்கத் திரும்பி வருவார், அது உண்மை. அந்தக் கடை மற்றவர்கள் நடமாடும் தெருவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். நம் நேரப்படி சனிக்கிழமை இரவு 9 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் அப்போது பிற்பகல், நியூயார்க்கில் காலை. உங்கள் ஆட்கள் பெரும்பாலும் இந்த மூன்று பக்கமிருந்தும் வருகிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தால் தெரிகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். பெரிய போர் வேண்டாம். ஒரு ஏலம், ஒரு சாவு வீடு, வரி கேட்டு வந்த ஓர் அதிகாரி. ஒருவர் வந்தாலும் நடத்துங்கள், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று மாதம் இப்படிச் செய்த பிறகு என்னிடம் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு உயிரானது. 1998-ல் நான் கல்லூரியில் இருந்தேன். அப்போது மாணவர்களுக்கான ஷெல் என்ற இணையக் கணக்கில் படம் வராது, எழுத்து மட்டும்தான் வரும். அதனால் மட் எங்களுக்கு வசதியாக இருந்தது. முதல் நாள் ஒரு சத்திரத்தில் போய் நின்றேன். என்ன தட்டுவது என்றே தெரியவில்லை. மூலையில் ஒரு படகுக்காரி. திரையில் இப்படி வந்தது: அவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறாள். ஈரத் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். நான் உட்கார்ந்தேன். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டாள். ஏதோ சொன்னேன். கிளம்பும்போது, "நாளைக்குத் துறைமுகம் பக்கம் போவாயா? விளக்குக்காரனிடம் இதைக் கொடுத்துவிடு, நான் போக முடியாது" என்றாள். என் கையிருப்பில் ஒரு வரி கூடியது: முத்திரையிட்ட கடிதம்.

இவ்வளவுதான். அடுத்த நாள் அந்தக் கடிதத்துக்காக வந்தேன். விளக்குக்காரன் வர இரவு பதினொன்றாகிவிட்டது, காத்திருந்தேன். கடிதத்தைப் பிரித்துப் படித்தான், விளக்கின் திரியை இறக்கினான், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு பதில் எழுதி என்னிடமே கொடுத்தான். ஐந்து வருடம் அந்த ஊரில் இருந்தேன். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதமானது.

அந்தப் படகுக்காரியை ஆடியவர் அன்று ஒரு வரி புரோகிராம்கூட எழுதவில்லை. புதிதாக வந்தவனிடம், நாளைக்கு வந்தால்தான் முடியும் என்கிற ஒரு வேலையைக் கொடுத்தார். அதுவும் இன்னொரு மனிதருக்காக முடிக்க வேண்டிய வேலை. உங்கள் தங்கக் காசு ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. காசுக்கு வந்தவர் காசை எடுத்துக்கொண்டு போய்விடுவார், அவர் வராவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. தான் வராவிட்டால் ஒருவர் கரையில் காத்துக்கொண்டு நிற்பார் என்று தெரிந்தவர் வருவார். உங்கள் 40 பேரில் நல்ல மனசுக்காரர்கள் ஐந்து பேரைப் பிடியுங்கள். புதியவர் யார் வந்தாலும் முதல் கால் மணி நேரத்துக்குள் ஒருவர் பேச வேண்டும், போகும்முன் கையில் ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும். ஒன்பது அரசர்களின் வரலாற்றைச் சத்திரத்தில் ஒரு புத்தகமாக வைத்துவிடுங்கள். பெயரும் தொழிலும் கேட்டு உள்ளே விடுங்கள், மற்றதெல்லாம் ஒரு வாரம் ஆடிய பிறகு முடிவு செய்யட்டும்.

அந்த ஊரை விட்டு நான் ஏன் வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நடத்தியவர்கள் ஒரு பெரிய கதையை எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள். ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் எல்லாம் அவர்களுடைய நண்பர்களின் பாத்திரங்களே நின்றன. நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். படகுக்காரி முதலில் போனார். சண்டை போடவில்லை, புகார் சொல்லவில்லை. ஒருநாள் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. நீங்கள் நடத்துபவர், உங்கள் பாத்திரம் ஊரில் சின்ன ஆளாக இருக்கட்டும். உங்கள் நண்பருடையதும்தான்.

பார்ட்டில் சொல்லும் கிளாவர் ஆட்கள் உங்களுடையதைப் போன்ற, பாத்திரமாகவே நடித்து ஆடும் ரோல்பிளே விளையாட்டில் வாளோடு வர மாட்டார்கள். அடுத்தவர் பாத்திரம் என்ன செய்தது என்பதையும் தாங்களே எழுதிவிடுவார்கள். "அவன் அறைந்தான், நீ மண்டியிட்டு அழுதாய்" என்பது மாதிரி. ஒருவர் எவ்வளவு அழகாக எழுதினாலும், இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை என்றால் அனுப்பிவிடுங்கள். பழக வருபவர்கள் இவர்களைக் கண்டால் ஓசையில்லாமல் ஒதுங்கிவிடுவார்கள். ஒருவருக்காக ஆறு பேரை இழப்பீர்கள்.

புது ஆட்களை எங்கே தேடுவது? பார்வையற்ற ஆட்டக்காரர்களை நினைத்தீர்களா? திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளில் முழுமையாக ஆடக்கூடிய விளையாட்டுகள் குறைவு, மட் அவற்றில் ஒன்று. ஆல்டர் ஏயான் என்ற பழைய மட் அவர்களுக்காக மெனக்கெட்டது, அவர்களும் பெருமளவில் அங்கே சேர்ந்தார்கள். உங்கள் துறைமுகத்தில் கோடும் நட்சத்திரமுமாக ஒரு வரைபடம் வருகிறதே, ஸ்கிரீன் ரீடர் அதை ஒவ்வொரு குறியாக வாசித்து உயிரை எடுக்கும். அதை நிறுத்த ஒரு கமாண்ட் கொடுங்கள். ஆபத்தைச் சிவப்பு நிறத்தில் காட்டுகிறீர்கள், வார்த்தையிலும் சொல்லுங்கள். சண்டையில் ஒரு அடிக்கு ஆறு வரி ஓடுகிறது, இரண்டாகக் குறையுங்கள். பிரவுசர் வழி மட்டும் போதும் என்று டெல்நெட் என்ற பழைய எழுத்து இணைப்பை மூடிவிடாதீர்கள், முஷ்கிளையண்ட், மட்லெட் போன்ற மட் ஆடும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள். நண்பர் படம் சேர்க்கச் செலவழிக்க நினைக்கும் நேரத்தை இதற்குக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்துக்காகவே வரக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு நான் வருகிறேன். படகு ஓட்டை அடைப்பவன், வேலை தேடி வந்தவன். சாராயக்கடையில் யாராவது ஒருவர் இருக்கட்டும்.

அன்புடன்.